சூதாட்ட விடுதியும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமும்

"பணம் வைத்துச் சீட்டு விளையாடிய எட்டு பேர் கைது. சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல்." தமிழ் பேப்பர் படிக்கும் எல்லோருக்கும் இந்த மாதிரிச் செய்தி மனப்பாடம். ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், தென்காசிக்கும் பொருந்தும், தேனிக்கும் பொருந்தும். ஆனால் அந்த எட்டு பேரையும் பிடிக்கிற சட்டம் யார் காலத்தில் வந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

அது 1930-ஆம் வருடத்து மதராஸ் சூதாட்டச் சட்டம். வடக்கே பல மாகாணங்களுக்கு 1867-லேயே பொதுச் சூதாட்டச் சட்டம் வந்துவிட்டது. சென்னை நகரத்துக்கு 1888-ஆம் வருடத்து நகரப் போலீஸ் சட்டம் இருந்தது. சென்னையை விட்டுவிட்டு மாகாணத்தின் மற்ற ஊர்களுக்காக வந்ததுதான் 1930 சட்டம். தென்காசியும் குற்றாலமும் அப்போது திருநெல்வேலி ஜில்லா. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-ல்தான். மாவட்டம் மாறியது, சட்டம் மாறவில்லை.

சட்டம் எதைக் குறி வைக்கிறது? "பொதுச் சூதாட்ட விடுதி"யை. வீடு, அறை, கூடாரம், வண்டி, படகு எதுவானாலும் சரி, அங்கே சீட்டோ தாயக்கட்டையோ வைத்து இடத்துக்காரர் லாபம் பார்த்தால் அது சூதாட்ட விடுதி. இதுவரை நல்ல விளக்கம்தான். ஆடுகிறவன் ஒரு நாள் ஜெயிப்பான், பத்து நாள் தோற்பான். எல்லா நாளும் ஜெயிப்பவர் கமிஷன் எடுக்கிற இடத்துக்காரர் ஒருவர்தான்.

ஆனால் தண்டனையைப் பாருங்கள். 1930-ல் எழுதியபடி, விடுதி நடத்துபவருக்கு அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதச் சிறை. அங்கே ஆடிக்கொண்டிருந்தவருக்கு 200 ரூபாய் அல்லது ஒரு மாதம். 1930-ல் 500 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அது ஒரு ஆட்டத்தின் கமிஷன்கூட ஆகாது. ஆடியவருக்கோ ஸ்டேஷன், கோர்ட், வக்கீல், பேப்பரில் பெயர். ஏற்கெனவே தோற்ற பணமும் வீட்டு அரிசிக் காசு, கட்டுகிற அபராதமும் அதே அரிசிக் காசு!

அடுத்தது இன்னும் சுவாரசியம். வாரண்டோடு சோதனை போட்ட இடத்தில் சீட்டுக்கட்டு கிடைத்தால் அதுவே சாட்சி. யாரும் ஆடியதைப் போலீஸ் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்கள் ஆடத்தான் வந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. இவ்வளவு பெரிய அதிகாரமும் இவ்வளவு சின்ன அபராதமும் ஒரே சட்டத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெள்ளைக்காரர்கள் சூது பாவம் என்று நினைத்தா இதைச் செய்தார்கள்? அப்படியானால் குதிரைப் பந்தயத்தை ஏன் விட்டார்கள்? பந்தயம் நடக்கும் அதே நாளில், அரசு அனுமதியோடு ஒதுக்கிய வளாகத்துக்குள் பணம் கட்டினால் அது சூதாட்டம் ஆகாது என்று அன்றைய சட்டம் விதிவிலக்கு கொடுத்தது. கிண்டியில் கோட் போட்டுக்கொண்டு குதிரை மேல் கட்டினால் பொழுதுபோக்கு, தென்காசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் கட்டினால் குற்றம். அந்த விதிவிலக்கை நீக்க 1949-ல் சட்டம் வந்தும், அதை அமலுக்குக் கொண்டுவர 1975 வரை ஆனது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது.

மற்ற காலனிகளிலும் இதே குழப்பம்தான். சிங்கப்பூரில் ஃபார்குவார் 1820-ல் சூதாட்ட விடுதிகளைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார். 1823-ல் ராஃபிள்ஸ் தடை போட்டார். அடுத்து வந்த கிராஃபர்ட் மறுபடி திறந்தார். 1829-ல் மறுபடி மூடினார்கள். ஹாங்காங்கில் 1867-ல் கவர்னர் மெக்டோனல் விடுதிகளுக்கு உரிமம் கொடுத்தார். போலீஸ் லஞ்சத்தை ஒழிக்கத்தான் என்றார். லண்டனில் எதிர்ப்பு கிளம்பி, சில வருடங்களில் அதுவும் போனது. கல்கத்தாவில் மழை வருமா வராதா என்றே பந்தயம் கட்டினார்கள். மழை என்ன சீட்டுக்கட்டா, பறிமுதல் செய்ய? அதற்கென்றே 1897-ல் வங்காளத்தில் மழைச் சூதாட்டச் சட்டம் போட்டார்கள். நல்லவேளை, குற்றாலச் சாரலுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை :-)

நம்ம ஊருக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் 1930-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். மதராஸ் சட்டம் அந்த எல்லையோடு நின்றுவிடும். 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. எல்லை புளியரைக்குத் தள்ளிப்போனதே தவிர, கதை மாறவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. புளியரை தாண்டி ஆரியங்காவு போனால் கேரள அரசே லாட்டரி விற்கிறது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் அரசு வருமானம். இடத்தை வைத்துச் சூதாட்டத்தை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது இடமே தேவையில்லை, கையில் போன் இருந்தால் போதும். இங்கேதான் 1930 சட்டத்தின் இன்னொரு பிரிவு வேலை செய்தது. திறமையால் மட்டுமே ஆடும் ஆட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது 11-வது பிரிவு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1968-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு செகந்திராபாத் கிளப் வழக்கில் சொன்னது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் இதைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: கிளப் நடத்துபவர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றம் ஆகலாம். இந்தப் பாதியை யாரும் விளம்பரத்தில் போடவில்லை!

தமிழ்நாடு 2021-ல் போட்ட தடையை ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022 சட்டத்தில் ரம்மி, போக்கர் மீதான தடை 2023-ல் விழுந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஓரம்கட்டி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டன. அது இருக்கட்டும். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

என் கருத்து இதுதான். போனில் நடத்துபவருக்கு ஒரு நியாயம், லாட்ஜ் அறையிலும் "மனமகிழ் மன்ற"த்திலும் நடத்துபவருக்கு வேறு நியாயம் இருக்கக் கூடாது. 1930 சட்டத்தையும் அதே வழியில் திருத்த வேண்டும். கமிஷன் எடுப்பவரின் அபராதம் அவர் எடுத்த லாபத்தைவிட அதிகமாக இருக்கட்டும். ஆடிப் பிடிபட்டவரைக் குற்றவாளியாக்காமல் எச்சரித்து, ஆலோசனைக்கு அனுப்பட்டும். சீட்டுக்கட்டு மட்டும் சாட்சியாக இருந்தால் போதாது, இடத்துக்காரருக்குப் பணம் போனதற்கும் ஆதாரம் காட்டட்டும்.

"அப்போ சூதாட்டம் தப்பில்லை என்கிறாயா?" என்று கேட்பீர்கள். தப்புதான். வள்ளுவர் ஒரு அதிகாரமே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் தோற்றவனை மறுபடி தண்டித்து, ஜெயித்துக்கொண்டே இருப்பவனிடம் 500 ரூபாய் வாங்குவதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்க முடியாது. வெள்ளைக்காரர்கள் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் அந்தக் கணக்கை நாம் ஏன் தொடர வேண்டும்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மாற்றுக் கருத்து இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பேசுவோம்.