விலக்கு என்னும் வஞ்சகம்

சட்டம் இருக்கிறது, அதிலே கையெழுத்து இருக்கிறது, கருவூலத்திலே பணமும் இருக்கிறது. சேரவேண்டிய இடத்திற்கு மட்டும் அது வந்து சேரவில்லை! அமெரிக்க நாட்டுக் கறுப்பினக் கல்லூரிகளின் கதை இதுதான், தோழர்களே.

1862-ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளையிலே, மோரில் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். காங்கிரசில் ஒரு மாநிலத்திற்கு உள்ள உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் 30,000 ஏக்கர் வீதம் நிலம். அதை விற்ற தொகையிலே உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரி. (அந்த நிலமே பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது தனிக்கதை, இன்னொரு ஞாயிறன்று பேசுவோம்.) உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் உயர்கல்வி என்றனர். எந்த உழைப்பாளி? தென்மாநிலங்களில், பருத்திக் காட்டிலே முதுகொடிந்தவனின் பிள்ளைக்கு, ஓரிரு இடங்கள் நீங்கலாக, அந்தப் பணம் எட்டவில்லை.

1890-இல் இரண்டாவது மோரில் சட்டம் வந்தது. நிறம் பார்த்து மாணவரைச் சேர்க்காதே. பார்ப்பாயேல், கறுப்பருக்கெனத் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நேர்மையாகப் பங்கிடு என்றது. தென்மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தன. பங்கிடும் கை எவருடையது? மாநிலச் சட்டமன்றத்தினுடையது! அதே 1890-இல்தான் மிசிசிப்பி மாநிலம் புதிய அரசியல் சட்டம் இயற்றி, தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பரின் வாக்கைப் பறித்தது. வாக்கற்றவனின் கல்லூரிக்கு வாதாட மன்றத்திலே யார் இருந்தனர்? 1914-இல் உழவர்க்கு வேளாண் அறிவைக் கொண்டுசெல்லும் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபோதும், எந்தக் கல்லூரிக்குப் பணம் என்று தீர்மானிக்கும் உரிமை அதே மன்றங்களிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆட்டுக்குக் காவல் ஓநாய்!

இன்றைய முறையோ இன்னும் நுட்பமானது. இந்த வேளாண் மானியங்களுக்கு ஒன்றிய அரசு ஒரு டாலர் தந்தால், மாநிலமும் ஒரு டாலர் இணை மானியம் தரவேண்டும். வெள்ளையருக்கென எழுந்த பழைய கல்லூரிகளுக்கு மாநிலங்கள் அதைத் தருகின்றன. சில வேளை மிகுதியாகவே தருகின்றன. கறுப்பினக் கல்லூரிக்கோ, இணை மானியத்திலிருந்து "விலக்கு" கேட்டுப் பெறுகிற வழி இருக்கிறது. கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றும்! விலக்கு எவருக்கு? கொடுக்கவேண்டிய மாநிலத்திற்கு. இழப்பு எவருக்கு? கல்லூரிக்கு.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் கல்விச் செயலரும் வேளாண் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்கு மடல் எழுதினர். மாணவர் தலைக்கு மாநிலம் தந்த தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால், 1987 முதல் 2020 வரை கறுப்பினக் கல்லூரிகளுக்கு வராமற் போனது 1,200 கோடி டாலருக்கும் மேல்! டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மட்டும் ஏறத்தாழ 210 கோடி. மேரிலாந்திலோ 2006-இல் தொடுத்த வழக்கு, 57.7 கோடி டாலர் உடன்பாடாக முடிய 2021 ஆயிற்று.

1954-இலேயே பிரிவினைக் கல்வி செல்லாது என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டதே, இன்னும் எதற்குத் தனிக் கல்லூரி என்பர் சிலர். அந்த வழக்கிலே வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் சட்டம் பயின்றது எங்கே? கறுப்பின ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலே! 1960 பிப்ரவரி 1 அன்று, கிரீன்ஸ்பரோ கடையில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவு மேசையிலே அமர்ந்து எழ மறுத்த நால்வரும், 1890 சட்டத்தின் வழி நிதிபெற்ற கல்லூரியின் மாணவர்களே. கதவைத் திறந்தவர்களைப் பார்த்து, கதவு திறந்துவிட்டதே, நீங்கள் எதற்கு என்று கேட்பது என்ன முறை?

டென்னசி சட்டமன்றம் 2022-இல் அக்கல்லூரிக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது உண்மை, மறைக்கவில்லை. 210 கோடி என்ற மடல் வந்த பிறகு என்ன செய்தது? 2024 மார்ச்சில், கணக்குத் தணிக்கையிலே குறை கண்டோமென்று கூறி, அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவையே முழுதாகக் கலைத்தது. குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் கடன்பட்டவன், கடன் கொடுத்தவனின் கணக்கு நோட்டைத் திருத்தப் புறப்பட்டான்; தன் கணக்கை மட்டும் இன்னும் திறக்கவில்லை.