இடிபடும் சுவருக்கு எழில் எதற்கு?

"இடிக்கப்போகும் வீட்டுக்கு ஓவியமாம்! பாடைக்குப் பட்டாடையா?" என்று நகைக்கின்றனர் நம் உழவர்கரைப் பெரியவர்கள் சிலர். பிணத்துக்குப் பொட்டிடுவதைச் சடங்கென ஏற்போர், சுவருக்கு வண்ணமிடுவதை மட்டும் வீண் என்பது விந்தையிலும் விந்தை! விடியலில் இட்ட கோலம் நண்பகலுக்குள் காலடியில் கலைகிறது. மாவு வீணாயிற்றென எந்தத் தாயும் அழுததில்லை.

1954 வரை நம்மை ஆண்ட பிரான்சின் தலைநகரைப் பாருங்கள். பாரிசின் 13ஆம் வட்டாரத்தில், இடிப்புக்குக் காத்து நின்ற அடுக்குமாடிக் குடியிருப்பொன்று 2013இல் ஏறத்தாழ நூறு ஓவியர் வசம் விடப்பட்டது. பல நாட்டினர் வந்தனர். கூடத்தில் தீட்டினர், கூரையில் தீட்டினர், குளியலறையையும் விட்டாரில்லை. அக்டோபர்த் திங்களில் காட்சி. கட்டணமில்லை, விற்பனையில்லை. மக்களோ மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். 2014இல் கட்டடம் தரைமட்டமாயிற்று. ஓவியர் எவரும் ஏமாற்றப்படவில்லை. முடிவு என்னவென்று தெரிந்தே தூரிகை எடுத்தனர்.

நியூயார்க்கில் நடந்ததோ வேறு. குவீன்சுப் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' எனப் பெயர் பெற்ற பழைய ஆலைக் கட்டடம். உரிமையாளர் இசைவோடு ஆண்டுக்கணக்கில் தீட்டப்பட்ட ஓவியங்கள். 2013 நவம்பரில் ஓர் இரவில், சொல்லாமற் கொள்ளாமல், வெள்ளை அடித்துவிட்டனர்! அடுக்குமாடி எழுப்ப இடம் வேண்டுமாம். 21 ஓவியர் வழக்காடினர். 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடு என்றது நீதிமன்றம், 2018இல். 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

நம் நாட்டில்? டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் படைத்த சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்க்கப்பட்டது. தீர்ப்பு வந்தது 2005இல்! 5 லட்சம் ரூபாய். புகழ்பெற்ற கலைஞருக்கே இருபத்தாறு ஆண்டு என்றால், கட்சிக்குச் சுவரெழுத்தும் கடைக்குப் பெயர்ப்பலகையும் எழுதிப் பிழைத்த நம் தெரு ஓவியனுக்கு? அவனை ஃபிளெக்ஸ் பலகை ஏற்கெனவே வீதியில் நிறுத்திவிட்டது.

பழைய வீடுகள் வீழ்ந்து அடுக்குமாடிகள் எழும் ஊர் இது. வீழுமுன் அந்தச் சுவர்களை அவனுக்குக் கொடுங்கள். "ஊருக்கு அழகு செய்கிறாய், கூலி எதற்கு?" என்னும் பசப்பு மட்டும் வேண்டாம். கூலி கொடுங்கள், இடிக்கும் நாளை எழுத்தில் கொடுங்கள், நிழற்படம் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் விடுங்கள்.

இன்னொன்று உண்டு, அதுவே முதன்மையானது. அவ்வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் எங்கே போயிற்று? பாத்திரம் பண்டத்தோடு அவர்கள் தெருவில் நிற்க, வெளிச்சுவரில் மயில் ஆடுமானால், அந்த மயில் எதை மறைக்க ஆடுகிறது? தூரிகை எடுக்கும் தோழனே! வண்ணம் குழைக்குமுன், அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீட்டின் சாவி கொடுத்தாயிற்றா என்று கேள். இல்லையென்றால் வண்ண டப்பாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போ.