கள் வேறு, மருந்து வேறு

கெடாத் தமிழர் போதையை எதிர்த்துப் போராடிய பெருமைக்குரியவர்கள். 1946, 1947 ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. ஒரு கையால் கூலியைக் கொடுத்து, மறு கையால் கள்ளுக்கடை வழியே அதனைப் பறித்துக்கொண்ட தோட்ட முறையை அப்படை துணிந்து எதிர்த்தது. அடியும் சிறையும் கண்டது. போருக்கு முந்திய மலாயாவில் அபினையும் அரசாங்கமே விற்று வந்ததை அறிந்தோர், நம் முன்னோரின் சினம் எத்துணை நியாயமானது என்பதை உணர்வர்.

ஆனால், அன்பர்களே! அப்போராட்டம் கற்பித்த பாடத்தை நாம் பாதிதான் படித்திருக்கிறோம். அதனால் நம் வீடுகளில் ஓர் அநியாயம் நடந்து வருகிறது. புற்றுநோய் எலும்புவரை பரவி, புரண்டு படுக்கவும் இயலாமல் தாய் துடிக்கிறாள். வைத்தியர் மார்பீன் மருந்தை எழுதிக் கொடுக்கிறார். "அது அபின் சரக்கு, அம்மாவுக்குப் பழகிப்போய்விடும்" என்று மகன் புட்டியை அலமாரியில் பூட்டி வைக்கிறான். இரவெல்லாம் முனகல், காலையில் கோயிலுக்கு நேர்த்திக்கடன்! ஐயா, சில மாதங்களே வாழவிருக்கும் தாய்க்கு எது பழகிப்போகும் என்று அஞ்சுகிறீர்? வேதனை மட்டும் பழகிப் போகலாமோ?

இவ்வச்சத்தை அறிவு எப்போதோ ஆராய்ந்து தீர்த்துவிட்டது. 1958 முதல் லண்டன் செயின்ட் ஜோசப் இல்லத்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி வந்தபின் மருந்து தேடாமல், வலி தலைதூக்குமுன்னரே மணிக்கணக்குப்படி கொடுத்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் நிலையைக் குறித்து வைத்தார். அவ்வாறு கொடுக்கப்பட்டோர் வெறியர்களாகவில்லை. தெளிந்த அறிவுடன் உற்றாரோடு உரையாடினர். உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு. மனம் போதைக்கு அடிமையாவது வேறு. 1986 இல் உலகச் சுகாதார நிறுவனமும் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கடும் வலிக்கு மார்பீனையே முன்வைத்தது.

"அம்மருந்தைத் தொட்டால் ஆயுள் முடிந்தது" என்பது மற்றொரு கூற்று. 2010 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் புற்று முற்றிய 151 பேரிடம் ஒரு சோதனை நிகழ்ந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே நோவு தணிக்கும் பராமரிப்பு. பின்னவர் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர்; முன்னவர் வாழ்நாளின் இடைநிலை 8.9 மாதம், பின்னவரது 11.6 மாதம். இச்சோதனை மார்பீனை மட்டும் சோதித்ததன்று. ஒரு சோதனையைக் கொண்டு ஆயுள் நீளுமென்று பறைசாற்றவும் வேண்டுவதில்லை. நோவைத் தணிக்க முற்படுவதே சாவை அழைப்பதாகும் என்னும் பிதற்றல் பொய்த்தது, அதுவே போதும்.

அமெரிக்காவில் இவ்வின மருந்துகளால் பல்லாயிரவர் சீரழிந்தனரே என்பீர். உண்மை. இலாப வெறியால் வகைதொகையின்றி விற்றதன் விளைவு அது. அதற்கு மருந்து, அளவும் கண்காணிப்புமேயன்றி மறுப்பன்று. மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சான்று. போதையைத் தடுக்க 1985 இல் அங்கே இயற்றிய சட்டம் நோயாளியின் மார்பீனையும் தடுத்தது. 2014 இல்தான் அதனைத் திருத்தினர். இடைப்பட்ட ஆண்டுகளில் துடித்து மடிந்தோருக்கு யார் பதில் சொல்வது?

"முன்வினைப் பயன், அனுபவித்தே தீரவேண்டும்" என்பாரும் உளர். தம் பல்வலிக்கு மட்டும் அவர்கள் ஏன் வைத்தியரிடம் ஓடுகிறார்களோ!

மருந்தில் குறையே இல்லையென நாம் கூறவில்லை. மலம் கட்டும்; அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெறுக. முதற் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் தோன்றலாம், வைத்தியரிடம் சொல்லுக. அளவை நாமே கூட்டுவதும் குறைப்பதும் தகாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பாதுகாத்தல் கடமை. நோயாளிக்கே எட்டாமற் செய்தல் கொடுமை.

1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய பணி, பின்னர்க் கேரளமெங்கும் ஊர்த் தொண்டர்களை வீடு வீடாக அனுப்பியது. நம் நாட்டிலும் 1991 இல் ஹாஸ்பிஸ் மலேசியா தோன்றியது; 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டுள்ளது. கொள்கை காகிதத்தில் உறங்கலாகாது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் மருத்துவமனைப் படியேறும் தமிழர், "நோவு தணிக்க என்ன செய்வீர்?" என்று முதல் நாளே வாய் திறந்து கேட்க வேண்டும். ஆலய நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இதனைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும்.

கெடாவுக்கு மீண்டும் ஒரு தொண்டர் படை தேவை. அன்று அது கள்ளுக்கடையை மூடச் சென்றது. இன்று பூட்டிய அலமாரியைத் திறக்கச் செல்லட்டும்!