உரலைப் புகழ்கிறவர்களுக்கு

எங்கள் பக்கம் கரிசல் வாழ்க்கையைப் பற்றிக் கூட்டம் போட்டால், யாராவது ஒரு ஆண் எழுந்து உரலையும் திருகையையும் நினைத்து உருகாமல் இருப்பதில்லை. கம்பு இடித்த கை இரும்பாக இருந்ததாம். மிக்ஸி வந்து பெண்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களாம். அந்தக் கை உங்களுடையதா என்று ஒருமுறை கேட்டேன். முறைத்தார்.

என் ஆச்சி அப்படி உருகியதில்லை. 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிவைத்தது. அவர்களைக் கேட்டு எழுதவில்லை. அந்தக் கணக்கில் ஒரு தலையாக, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, கோவில்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தவள். அங்கே முதுகில் கொழுந்துக்கூடை, லயத்தில் ஒற்றை அறை. இங்கே உவர்த்தண்ணீர்க் கிணறு, விறகுக்குச் சீமைக்கருவேல முள், விடியுமுன் உரல், ராத்திரி சிம்னி விளக்கடியில் தீப்பெட்டி ஒட்டுவது. ஊருக்கு அவள் ‘சிலோன்காரி’. பாட்டன் பிறந்த மண்ணிலேயே வந்தேறி.

2011இல் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு முறை வந்தபோது, கிரைண்டர் சுற்றுவதையே ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுவே ஆட்டிக்கிடுதே, நான் என்னட்டி செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம் ஆச்சி.”

அரைமணி நேரம் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் ‘இலவசம்’ என்று கேலி பேசுகிறார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோஸ் குரோஸாக ஒட்டிக் கொடுத்துச் சில்லறை வாங்கிய கைக்கு எது இலவசம்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் காசு கொடுக்காமல் போகிறோம். வீட்டில் கை நீட்டாமல் கல்லூரிக்கு வருகிறாள் என் மாணவி. அதற்கும் ‘ஓசி’ என்று பெயர்.

வாழ்க்கை உயர்ந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதற்காகக் கும்பிடு போடச் சொன்னால் மாட்டேன். கிரைண்டர் வந்த இத்தனை வருஷத்தில் அதன் கல்லைத் தூக்கிக் கழுவிய ஆண் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. (என் வீட்டுக்காரருக்கு ஈரக்கல் வழுக்குமாம்.)

ஆச்சியின் உரல் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கினால் காக்கை வந்து குடிக்கும். உருகுகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். உலக்கையும் தருகிறோம்.