எழுபத்திரண்டு குதிரைகள்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: அதிகம் தெரியாது. ஆனால் எண்களைப் பற்றித் தெரியும். பத்தாயிரம் பிரதி என்று அட்டையில் போட்டு ஆயிரத்து இருநூறு அச்சடித்த பதிப்பாளர்களோடு வாழ்ந்தவன் நான். ஒரு எண் தானாக வந்து காகிதத்தில் உட்காருவதில்லை, யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரியத்துக்காக அதை உட்கார வைக்கிறார் என்கிற அனுபவம் எனக்கு உண்டு. இந்த விஷயத்தைப் பேச அவ்வளவு யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

போன மார்கழியில் என் அக்கா மகன் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து காட்டினான். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறதாம். சென்னையில் செய்த வண்டி. இரண்டு கதவு, சாய்வான மூக்கு, பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். சொந்தக்காரர் இஞ்சினைக் குடைந்து பெரிதாக்கி, இரட்டை கார்புரேட்டர் வைத்து, காம் ஷாஃப்டை மாற்றி, ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிவிட்டார். சாதாரண ஹெரால்டுக்குச் சொல்லும் விலைக்கு மேல் ஒன்றரை லட்சம் கேட்கிறார். ஆதாரம் அந்தக் காகிதம். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் டைனமோமீட்டர் உருளையின்மேல் வண்டியை ஏற்றி ஓட்டி அளந்தார்களாம். ஒரு மலைபோல் ஏறி இறங்கும் கோடு; உச்சியில் 72 குதிரைச் சக்தி.

"கம்ப்யூட்டர் கொடுத்த கணக்கு மாமா. மனுஷன் சொன்னது இல்லை" என்றான்.

அந்த ஒன்றரை லட்சத்துக்கு அக்காவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. என்னிடம் ஆலோசனை கேட்க வரவில்லை. அம்மாவிடம் சிபாரிசு செய்யச் சொல்லி வந்திருந்தான்.

ஹெரால்டின் சேஸிஸையே குறுக்கி, இங்கிலாந்தில் 1962ல் ட்ரையம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்ற நிஜமான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. 1147 ஸி.ஸி. இஞ்சின், 63 குதிரை. அந்தக் கம்பெனியின் இஞ்சினீயர்கள் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு 63 எடுத்தார்கள். நம்முடைய ஆசாமி, 948 ஸி.ஸி.யைக் குடைந்து, கொட்டகை போட்ட பட்டறையில் 72 எடுத்துவிட்டார். நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. அறுபது வருஷத்தில் எண்ணெயும் ஞானமும் வளர்ந்திருக்கின்றன. ஆனால் கேள்வி கேட்க இடம் உண்டா இல்லையா?

குதிரைகள் விஷயத்தில் புதுச்சேரிக்காரர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படலாம். பிரெஞ்சுக்காரர்களின் குதிரை வேறு, இங்கிலீஷ்காரர்களின் குதிரை வேறு. முன்னது 735.5 வாட், பின்னது 745.7. அதுவாவது போகட்டும், 1948ல் பாரிஸில் காட்சிக்கு வைத்த சித்ரோயனுக்கு 'இரண்டு குதிரை' என்று பெயர். இஞ்சினிலே நிஜத்தில் ஒன்பது குதிரை இருந்தது. இரண்டு என்பது சர்க்கார் வரி போடுவதற்காக வைத்த கணக்கு. வரி கட்டும்போது குதிரை குறைந்தால் நல்லது; விற்கும்போது ஏறினால் நல்லது. ஜேம்ஸ் வாட் இந்தக் குதிரையைப் பிறப்பித்ததே நீராவி யந்திரம் விற்பதற்காகத்தான். நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று அவர் நிர்ணயித்த குதிரை, நாள் முழுவதும் அசராமல் உழைக்கும் ஓர் அபூர்வப் பிராணி. பிறவியிலேயே வியாபாரக் குதிரை.

அமெரிக்காவில் 1971ல் காடிலாக் எல்டொராடோ காருக்கு 365 குதிரை என்று விளம்பரம். மறு வருஷம் அதே இஞ்சினுக்கு 235. யாரும் 130 குதிரைகளை அவிழ்த்து விட்டுவிடவில்லை. காற்று வடிகட்டி, சைலன்ஸர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வைத்து அளந்தது பழைய முறை. வண்டியில் இருக்கிறபடியே வைத்து அளந்தது புதிய முறை. இத்தனைக்கும் அது உலகப் பிரசித்தி பெற்ற கம்பெனி.

சரி, உருளைக்கு வருவோம். அங்கே என்ன நடக்கிறது? எடை தெரிந்த ஒரு கனத்த உருளை. அதன்மேல் பின் சக்கரங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் சக்கரம் உருளையைச் சுழற்றுகிறது. எவ்வளவு வேகமாக அது வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிடுகிறார்கள். 1821ல் ப்ரோனி என்ற பிரெஞ்சு இஞ்சினீயர் சுழலும் அச்சில் மரக்கட்டையை இறுக்கி, நெம்புகோலில் எடை தொங்கவிட்டு அளந்தாரே, அந்த வம்சம்தான் இது. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. உருளை அறிந்தது சக்கரத்தின் சக்தி ஒன்றுதான். டயரில் காற்று குறைந்திருந்தாலும், வண்டியைக் கட்டிய பட்டையை அதிகம் இறுக்கினாலும் அதுவும் மாறும். ஆனாலும் அது ஓர் அளவு.

அதற்குப் பிறகு வருவது அளவு இல்லை, பேச்சு. சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவே கியர் பெட்டி, நீளத் தண்டு, டிஃபரென்ஷியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்கின்றன. எவ்வளவு தின்றன என்பதை இந்த மாதிரி ஓட்டத்தில் உருளை காண்பதில்லை. அந்தச் சதவீதத்தை ஒருவர் விரலால் தட்டி உள்ளே இடுகிறார். வழக்கமாகப் பதினைந்து என்பார்கள். இந்தக் காகிதத்தில் இருபத்தைந்து! அதுவும் விகிதமாகத்தான். இஞ்சினின் பலம் இரட்டித்தால், அதே பழைய கியர் பெட்டி இரண்டு மடங்கு தின்னும் என்பது கணக்கு. சாப்பாட்டு ராமனுக்குக்கூட வயிறு அப்படி விரிவதில்லை.

காகிதத்தின் மூலையில் எறும்பு மாதிரி இன்னோர் எண்: காற்றின் உஷ்ணம் 61 டிகிரி. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மார்கழிக் காலையில், தமிழ்நாட்டில் எந்த ஊரில் 61 டிகிரி? விஷயம் இதுதான். சூடான காற்று லேசானது, அதில் இஞ்சின் பலம் குறையும். அதை ஈடுசெய்ய, 25 டிகிரியில் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று ஒரு சூத்திரத்தால் பெருக்குகிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் உஷ்ணமானியைக் கொண்டுபோய்ச் சூடான இஞ்சின் பக்கத்தில் தொங்கவிட்டால்? சூத்திரம், பாவம், நம்பிவிடுகிறது. 30 டிகிரிக்கு ஒரு சதவீதம் கூட்டவேண்டிய இடத்தில் 61 டிகிரிக்கு ஏழு சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது. யந்திரம் பொய் சொல்லவில்லை. அதன் காதில் பொய் ஓதப்பட்டது. வேண்டுமென்றே ஓதினார்களா, அஜாக்கிரதையா என்பதை நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை. பணம் கொடுக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றே.

பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 72ஐ அந்த ஏழு சதவீதத்தால் இறக்கி, இருபத்தைந்தையும் கழித்தால், சக்கரத்தில் உருளை கண்டது ஐம்பது குதிரை. அதையே நேர்மையான உஷ்ணத்தோடு, பதினைந்து சதவீதத்தோடு திருப்பி ஏற்றினால் இஞ்சினில் அறுபது வருகிறது. பன்னிரண்டு குதிரைகள் காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே புல் மேய்ந்தவை.

பையன் நம்பவில்லை. "எழுத்தாளர் கணக்கு" என்றான். ஆகவே விற்பவரிடம் வண்டியைக் கேட்டு வாங்கி, விடியற்காலையில் லாரி எடை மேடையில் நிறுத்தினோம். எங்கள் இருவரையும் சேர்த்து 950 கிலோ. அதில் என் பங்கு கணிசமானது. ஆள் நடமாட்டமில்லாத நேர்ச் சாலை ஒன்றில், மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்தோம். போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை. சராசரி பத்து விநாடி. 950 கிலோவை அவ்வளவு நேரத்தில் அந்த வேகத்துக்குத் தள்ள 24 குதிரை வேண்டும். எதிர்க்காற்றுக்கும் சாலைக்கும் இன்னும் ஆறு. உச்ச சக்தியை இதிலிருந்து துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்த வேகங்களில் சராசரி, உச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் ஐம்பதை ஒட்டி நிற்கிறது. காகிதத்தின் 72 நிஜமானால் எட்டு விநாடிக்குள் முடிந்திருக்க வேண்டும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளையும் ஃபியட்டுகளையும் இந்த விநாடி முள்தான் வரிசைப்படுத்தியது. யாரும் காகிதத்தை அசைத்துக்கொண்டு முந்தவில்லை.

அப்படியானால் டைனோ என்பதே மோசடியா என்று கேட்டுவிடாதீர்கள். அதை வைத்துப் பிழைக்கும் நல்ல தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உச்ச எண் ஒரு பொருட்டே அல்ல. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவதற்கு முன் ஓர் ஓட்டம், மாற்றியபின் ஓர் ஓட்டம். அதே உருளை, அதே நாள், அதே டயர். முன்னைவிட நாலு குதிரை கூடியிருந்தால் அந்த நாலு பெரும்பாலும் நம்பக்கூடியது. புகையை அளந்து, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து எரிகிறதா என்று கண்டுபிடிக்கிறார்களே, அது இன்னும் முக்கியம். பிஸ்டனில் ஓட்டை விழாமல் காப்பாற்றுவது அதுதான். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற காரியம் இது. அதைக் கல்யாணச் சந்தையில் ஜாதகமாக மாற்றிவிட்டார்கள் என்பதே என் சண்டை.

பையன்களும் இதற்கு உடந்தை. குறைந்த எண் காட்டும் பட்டறைக்கு அடுத்த வண்டி வருவதில்லை. அதிக எண் காட்டுகிற உருளைக்கு ஐம்பது மைல் தாண்டிப் போகிறார்கள். உண்மை பேசும் மேஸ்திரிக்கு வாடகை யார் கொடுப்பார்கள்? ஆகவே காகிதம் வாங்குகிறவர்கள் இனி நாலு கேள்வி கேட்கட்டும். சக்கரத்தில் எவ்வளவு? எந்தத் திருத்தச் சூத்திரம்? உஷ்ணம் என்ன, உஷ்ணமானி எங்கே தொங்கியது? இழப்புச் சதவீதத்தை யார் போட்டது? பதில் சொல்லாத காகிதத்துக்கு ஒன்றரை லட்சம் வேண்டாம், ஒன்றரை ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அறுபது குதிரையே அந்த வண்டிக்கு அதிகம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முப்பத்தைந்து, நாற்பது குதிரையை நிறுத்துவதற்காகச் செய்தது. அன்றைக்குத் திரும்பும்போது, எண்பதில் ஒரு பசுமாடு குறுக்கே வந்தது. வண்டி நின்ற இடத்துக்கும் மாட்டுக்கும் நடுவே என் கைத்தடி அளவு இடம்தான் இருந்தது. எழுபத்திரண்டு என்று எழுதித் தந்தவர்கள், நிற்க எத்தனை அடி வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

விற்பவரோடு மூன்று நாள் பேரம் நடந்தது. காகிதத்தின் மேல்மூலையைச் சுட்டிக்காட்டியதும் அவர் குரல் இறங்கியது. ஒன்றரை லட்சம் நாற்பதாயிரமாயிற்று. சங்கிலி அக்காவின் கழுத்திலேயே இருக்கிறது. நாற்பதாயிரத்தைப் பையன் தன் சம்பளத்தில் கொடுத்தான். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் தேடிக்கொண்டிருக்கிறான். அதைப் போட்டபின் பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதுவார்கள் என்பது வேறு தலைவலி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை எடுத்துப் படித்துக் கொண்டிருக்கிறான். விற்றவர் நேற்று டெலிபோன் செய்திருந்தாராம், அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று.