வீட்டுக்காரரும் தறிக்காரரும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பார்கள். வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் இந்தக் காலத்தில் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். கட்டுகிற தொல்லை ஒரு வருடத்தில் தீரும். வாடகைத் தொல்லை மாதந்தோறும் வரும்.

காஞ்சிபுரத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் முதலில் நினைப்பது வீட்டைத்தான். பென்ஷன் வாங்கியவரும், பட்டுக் கடை வைத்தவரும் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட விரும்புகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் பணத்தைப் போடும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவிழா வாடகை நிலைக்காது

2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். தங்க இடம் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். ஓர் அறை வைத்திருந்தவருக்கும் அன்று மவுசுதான்.

அந்தக் கூட்டத்தை மனதில் வைத்து இன்று வீடு வாங்கினால் என்ன ஆகும்? அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குளத்திலிருந்து எழுந்தருளுவார். அடுத்த முறை 2059-ல்! அதுவரை உங்கள் வீட்டில் குடியிருப்பவர் யார்? நெசவாளி, கடைச் சிப்பந்தி, பள்ளி ஆசிரியை, சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் இளைஞர். இவர்களால் கொடுக்க முடிந்த வாடகைதான் உண்மையான வாடகை.

ஒரு சிறு கணக்கு. 10 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆக 90 ஆயிரம். மொத்த முதல் 10 லட்சத்து 90 ஆயிரம். வாடகை மாதம் 4 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 48 ஆயிரம். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ரிப்பேர் என்று 10 ஆயிரம் போனால் மிச்சம் 38 ஆயிரம். நூற்றுக்கு மூன்றரை ரூபாய்தான்!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் ஏமாறமாட்டார். இன்னொன்று: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறையும். மனைவி பெயரில் வாங்கினால் 10 ஆயிரம் மிச்சம்.

மனை யாருடையது?

காஞ்சி கோயில் நகரம். கோயில்களுக்கு நிலமும் மனையும் உண்டு. சில வீடுகளில் கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது. அங்கே குடியிருப்பவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுவார்.

இப்படிப்பட்ட வீட்டை "மனையோடு கிரயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. மீறி எழுதிய பத்திரம் செல்லாது. கொடுத்த பணத்துக்கு வழக்குதான் மிஞ்சும்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது நான்கையும் பாருங்கள். நாலிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் வீண் செலவல்ல.

வயலில் நட்ட கல்

2022-ல் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் போன்ற ஊர்களில் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று மக்கள் போராடினார்கள். அவர்களுக்கு வாழ்வே கேள்வியாக நின்றது. தரகர்களுக்கோ அது வியாபாரம். வயலில் கல் நட்டு, கொடி கட்டி, "பக்கத்திலேயே விமான நிலையம்" என்கிறார்கள்.

விமானம் பறப்பது இருக்கட்டும், உங்கள் மனைக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவா? 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 மனைகளுக்கு மேலோ பிரித்து விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் எங்கே? அந்த சர்வே எண் நில எடுப்பில் வருகிறதா? இந்தப் பக்கம் ஏரிகள் நிறைந்த சீமை. ஏரி, ஓடை, வாய்க்கால் எதிலாவது மனை விழுகிறதா? கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியும் ஏரிதான். வேகவதி ஆற்றை ஒட்டி வீடு கட்டி வாழ்ந்த பல குடும்பங்கள் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்கு வீடுகளுக்குப் பெயர நேர்ந்ததை ஊர் அறியும்.

வாய்ப் பேச்சு போதாது

வீடு வாங்கியாயிற்று. இனிக் குடிவைக்க வேண்டும்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். "தெரிந்த மனிதர்தானே, எழுத்து எதற்கு?" என்று இருந்துவிடக்கூடாது. சண்டை வருவது தெரிந்த மனிதரோடுதான்!

ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது. வாங்கிய வாடகைக்கு ரசீது கொடுங்கள். ரசீது இருவருக்கும் காவல்.

போக்கியத்துக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தமாக வாங்கும் தொகை வருமானம் அல்ல, கடன். அதை எடுத்து மகளுக்குக் கல்யாணம் செய்துவிட்டு, கெடு வந்ததும் கையைப் பிசைந்தவர்கள் ஏராளம். திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

தறி போட்ட குடித்தனம்

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

நெசவாளிக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. அவருக்கு நீண்ட கூடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். குழித்தறி என்றால் தரையில் குழி எடுக்க வேண்டும். குழி எடுக்கலாமா, காலி செய்யும்போது யார் மூடுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

ஓட்டைப் பிரித்து மாற்றுவது மழைக்கு முன்பே நடக்க வேண்டும். சாதாரணக் குடித்தனத்தில் ஒழுகினால் பாத்திரம் வைத்துப் பிடிக்கலாம். தறியில் ஒழுகினால் பட்டுப் பாவு பாழ். அந்தப் பாவு பெரும்பாலும் முதலாளியுடையது, அல்லது சங்கத்துடையது. நஷ்டம் நெசவாளி தலையில் விழும். பிறகு உங்களுக்கு வாடகை எங்கிருந்து வரும்?

ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை இறங்கும். பாதிப் பாவில் "காலி செய்" என்றால் அவர் எங்கே போவார்? தறியைப் பிரித்து, வேறு இடத்தில் மாட்டி, மறுபடி வேலை தொடங்குவதற்குள் கூலி இல்லாத நாட்கள் ஓடிவிடும். பாவு முடியும் வரை தவணை தருவது தர்மம் மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட. கூலியும் சேலை இறங்கினால்தான் கைக்கு வரும். வாடகைத் தேதியை அதற்கு ஏற்றபடி பேசிக்கொள்ளலாம்.

500 ரூபாய் கூடுதலாகக் கேட்டு ஒருவரை அனுப்பிவிட்டால் வருடத்துக்கு லாபம் 6 ஆயிரம். 4 ஆயிரம் ரூபாய் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் 8 ஆயிரம். எது மேல்?

நெசவாளி ஊரைவிட்டுப் போனால் பட்டு போகும். பட்டு போனால் கடை போகும், கடை ஆளுக்கு வேலை போகும், உங்கள் வீட்டுக்கும் ஆள் வராது. ஆகவே வாங்கும்போது பத்திரத்தைப் பாருங்கள். வாடகைக்கு விடும்போது எழுதிக்கொள்ளுங்கள். விட்ட பிறகு குடித்தனக்காரரை மனிதராக நடத்துங்கள். உங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கிற வரைக்கும் வாடகையும் வரும்.