பிளசன்டனில் ஒரு பிடி அரிசி

"பிளசன்டன்ல பசியா? என்னப்பா சொல்றே?" உணவு வங்கிக்காகக் கடை வாசலில் நின்றபோது நண்பர் கேட்டார். மில்லியன் டாலர் வீடுகள் நிறைந்த ஊர் என்பதால் அவர் சந்தேகம் நியாயம்தான். ஆனால் 'ஓப்பன் ஹார்ட் கிச்சன்' 1995 முதல் இந்த ட்ரை-வேலி வட்டாரத்தில் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. வாடகை கட்டியபின் மளிகைக்குப் பணம் மிஞ்சாதவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

வேலை எளிதுதான். கடைக்காரரிடம் அனுமதி வாங்கி மேசை போடணும். உள்ளே போகிறவர்களிடம் தேவைப் பட்டியலைக் கொடுக்கணும். திரும்பி வரும்போது தருவதைப் பெட்டியில் அடுக்கணும். கூச்சம்தான் கஷ்டம். நம்மவர்கள் சிலர் மேசையைப் பார்த்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான்.

நவம்பர், டிசம்பரில் எல்லாருக்கும் தர மனசு வரும். ஜூன், ஜூலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவு இலவசம். கோடை விடுமுறை விட்டால் அந்த இரண்டு வேளையும் பல வீடுகளில் புதுச் செலவு. அப்போதுதான் நாம் வாசலில் நிற்கணும்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நம் பாட்டிமார் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்தார்கள். அது அவர்கள் வாழ்ந்த ஊருக்கு. நாம் வாழும் ஊர் இது. வரும் கோடையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. தேதி முடிந்த டப்பாக்களை மட்டும் கொண்டுவராதீங்க!